கண்டக்டர் கதிரின் முகத்தை மறைத்தவன்

மேடையேறி நான் கிழித்துப் போட்ட வசனம் ஆரோக்கியம் சாருடையது அன்று. என்னுடையது. என் பேனா எழுதியது. என் மூளை பெற்றது. அதை அவர் தலையில் கட்டி, ஊரைச் சிரிக்கவைத்து, அவருடைய படக்கதையை ஒரே மாலையில் முடித்துவைத்தேன்.

இதுதான் குற்றம். முடிவுரைக்குரியதை முகவுரையில் வைப்பவன் மேடைக்கு ஆகாதவன் என்றுதான் எனக்குப் பயிற்றுவித்தார்கள். தெரிந்தே வைக்கிறேன். இல்லையென்றால் நடுவழியில் எங்காவது என் நாக்கு என்னைக் காப்பாற்றிக் கூட்டிப்போய்விடும்... அதற்கு அந்தப் பழக்கம் உண்டு.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். தொழிற்பேட்டைச் சூளைகளுக்குள் மின்சார ஃபீஸ் கட்டையும் பொம்மையும் வெந்துகொண்டிருக்கும். வெளியே நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். யார் நன்றாகப் பேசுகிறானோ அவன் பெரியவன். நான் நன்றாகப் பேசினேன். கல்லூரியில் தமிழ் இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கையிலேயே, நெய்வேலியில் ஒரு மேடை, சிதம்பரத்தில் ஒரு மேடை என்று பேருந்தேறிப் போய்ப் பரிசோடு திரும்புகிறவன். பேருந்து நிலையத்து டீக்கடையில் என்னைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பார்கள். அந்த இடத்தில் உட்கார்வதற்கு நான் ஒரு நாளும் தயங்கியதில்லை.

ஆரோக்கியம் சார் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர். அரசு நியமனம் அன்று; பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட ஆள். அவர்கள் வைத்தால் இருப்பார். வேண்டாமென்றால் போக வேண்டியதுதான். பள்ளி விட்டபின் வீட்டில் உட்கார்ந்து சென்னையிலிருந்து வரும் ஒரு சிறுவர் மாத இதழுக்குப் படக்கதை வரைவார். கதையின் பெயர் 'கண்டக்டர் கதிர்'. விருத்தாசலத்துக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் ஓடும் தனியார் பேருந்தில் கதிர் நடத்துநர். காதில் பென்சில், கக்கத்தில் பை, வாயில் விசில். டிக்கெட் கிழித்துக்கொண்டே திருடரைப் பிடிப்பான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. விசில் ஊதுகிறவன் வீரனாம்! கருவேப்பிலங்குறிச்சி நிறுத்தத்தில் இறங்கித் துப்புத் துலக்குவானாம்! ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்த இதழுக்குக் கடை வாசலில் காத்துக் கிடந்தார்கள். அதுவும் எனக்குச் சிரிப்பாகவே இருந்தது. என் பேச்சுக்கு எந்தப் பிள்ளையும் காத்துக் கிடந்ததில்லை என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை... அல்லது எண்ணிப் பார்த்தேனோ?

ஒரு நாள் டீக்கடைக்கு அவரே வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு, விரலில் காய்ந்திருந்த கறுப்பு மையைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"தம்பி, நீங்கதான அன்னிக்குக் கல்யாண மண்டபத்துல பேசுனது? யப்பா... மூச்சு வுடாம பேசுறீங்க! எனக்குப் படம் வரும், பேச்சு வராது. எங்க கதிரு வாயத் தொறந்தா வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்குதுன்னு சென்னையில சொல்றாங்க. கொஞ்சம் வசனம் எழுதித் தர்றீங்களா?"

மறுத்திருக்க வேண்டும். ஆனால் கெஞ்சிய குரல் இனித்தது. ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. என் பெயர் வரக்கூடாது. படக்கதைக்கு எழுதுகிறவன் என்று கல்லூரியில் தெரிந்தால் என் மதிப்பு என்னாவது?

"அப்ப யாரு பேரப் போடறது?"

"உங்கள் பெயரையே போட்டுக்கொள்ளுங்கள்."

"அது பொய்யாச்சே தம்பி."

"உங்களுக்கு வசனம் வேண்டுமா, வேண்டாமா?"

"வேணும் வேணும்" என்று சிரித்தார். "யாரு கேட்டாலும் சொல்ல மாட்டேன். போதுமா?"

அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார். நான் அதைப் பயன்படுத்திக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு இதற்குமேல் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில், மாதா கோயிலில் பூசை முடிந்து அவர் வந்ததும், அவர் வீட்டுக்குப் போவேன். படத்தை முதலில் வரைந்து முடிப்பார். வசனத்தைத் தனித் தாளில் எழுதி, வட்டமாக வெட்டி, படத்தின்மேல் ஒட்டுவார். அந்த வட்டத்துக்குப் 'பலூன்' என்று பெயர். பலூன் சிறியதாக இருந்தால்தான் படம் தெரியும். நானோ பத்தி பத்தியாக எழுதிக்கொண்டு போவேன். அவர் கத்தரிக்கோலை எடுப்பார். நான் எழுதிய வீரவுரையில் மிஞ்சுவது 'நில்லுடா' என்ற ஒரு சொல்லாக இருக்கும்.

அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். "ஏங்க, அந்தக் கண்டக்டரு ஒத்த வாயில எவ்ளோதான் திணிப்பீங்க ரெண்டு பேரும்? டிக்கெட்டு குடுக்க வுடுங்க அவன" என்பார். சார் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். என் சொல்லை வெட்டுகிறான் ஒருவன்! நடுவர் மணியடித்தாலும் நிறுத்தாத என்னை, ஓர் ஓவிய வாத்தியாரின் கத்தரிக்கோல் நிறுத்துகிறது!

அப்போது ஒரு நீண்ட கதை ஓடிக்கொண்டிருந்தது. பீங்கான் பொம்மைக்குள் நகையை வைத்துக் கடத்துகிறான் ஒருவன். தினமும் கதிரின் பேருந்திலேயே போய்வருகிறான். யாரென்று தெரியாது. பூக்கூடைக்காரி, வங்கிக் குமாஸ்தா, துபாயிலிருந்து வந்த மங்கலம்பேட்டைக்காரர், பேருந்தின் ஓட்டுநர் - இந்த நால்வரில் ஒருவர். சார் எனக்கும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த அற்பக் கதையில் திருடன் எவனாக இருந்தால் எனக்கென்ன?

ஒரு மாதம், ஓடும் பேருந்தின் படிக்கட்டிலிருந்து கதிர் குதிக்கும் காட்சி. முழுப் பக்கத்துக்கும் ஒரே படம். அந்த முகத்தை அவர் பல மாலைகள் அழித்தழித்து வரைந்திருந்தார். பயமும் துணிவும் சேர்ந்த முகம்... ஒப்புக்கொள்கிறேன், அது நல்ல படம். அதற்கு நான் எழுதிக்கொண்டு போனது இது:

'வஞ்சகத்தின் வாரிசே! வானம் பிளந்தாலும், வையம் கவிழ்ந்தாலும், நீதி என்னும் நெடும்பேருந்து நிற்காமல் ஓடும்! அதன் சக்கரத்தில் உன் சதி சாம்பலாகும்! ஏழையின் கண்ணீரை ஏலம் போட்டவனே, உன் இறுதி நிறுத்தம் இதுதான்!' இது பாதிதான். மீதியை எழுத எனக்கே கூசுகிறது.

சார் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"தம்பி, இவன் படிக்கட்டுலேருந்து குதிச்சிருக்கான். கீழ வுழறவரைக்கும்தான் டைமு. இத்தினியும் பேசி முடிக்கணும்னா ஏரோப்ளேன்லேருந்துதான் குதிக்கணும்."

நான் சிரிக்கவில்லை. "ஓர் எழுத்தை வெட்டினாலும் இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்" என்றேன்.

கதிரின் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு, "சரி, ஒங்க ஆச" என்று முழுவதையும் எழுதி, வெட்டி, ஒட்டினார். பலூன் பக்கத்தையே விழுங்கியது. கதிரின் முகம் மறைந்தது, கை மறைந்தது, கீழே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது. அப்படியே அச்சேறியது.

அடுத்த மாதம் மறுபடியும் கத்தரிக்கோல். ஏன் என்று கேட்டதற்கு, "கிளாஸுல புள்ளைங்க, 'கதிரு எங்க சார்?'னு தேடுறானுங்க தம்பி" என்றார். அவர் மனத்தில் குத்தல் இல்லை. இருந்தும் குத்தியது. அதை நான் வைத்துக்கொண்டேன்.

இந்த நேரத்தில்தான் மாணிக்கம் முதலாளி வந்தார். ஃபீஸ் கட்டை செய்யும் தொழிற்சாலைக்குச் சொந்தக்காரர். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். அவர் மகன் அறிவியல் நோட்டில் இதயத்துக்குப் பதிலாகக் கதிரை வரைந்துவைத்திருந்தான். வாத்தியாரே பொம்மைக்கதை போட்டால் பிள்ளை எப்படி உருப்படும் என்று கொதித்தார். ஆண்டுவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, பட்டிமன்றத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்த தமிழாசிரியர் அதையே தலைப்பாக்கினார். 'படக்கதை மாணவரை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?'

முதலாளிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஆசிரியர் அறையில் எல்லார் முன்னிலையிலும் சொன்னாராம்: "வளக்குதுன்னு தீர்ப்பு வந்தா நான் வாயே தொறக்கல. கெடுக்குதுன்னு வந்தா, சாரு ஒண்ணு பொம்ம போடறத வுடணும், இல்ல ஸ்கூல வுடணும். ஞாயந்தான?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு மனிதனின் பிழைப்பைப் பட்டிமன்றத்தில் பந்தயமாக வைப்பது எங்கள் ஊரில் நகைச்சுவை. ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. பள்ளி இல்லையென்றால் சார் வீட்டில் அடுப்பு எரியாது. படக்கதை இல்லையென்றால் அந்த மனிதருக்குள் என்ன எரியாது என்பதற்கு என்னிடம் சொல் இல்லை. இத்தனை சொல் படித்தும் இல்லை!

சார் என்னிடம் ஓடிவந்தார். 'வளர்க்கிறது' அணிக்கு நான் தலைமை ஏற்க வேண்டும் என்றார். "நீங்க பேசுனா ஜெயிச்சிடலாம் தம்பி. நெஜமாத்தான் சொல்றேன்." சரி என்றேன்.

பிறகு தமிழாசிரியர் வந்தார். அவர்தான் நடுவர். "ரெண்டு அணிக்கும் தலைவர் இன்னும் முடிவாவல தம்பி. ஒங்களுக்கு எந்தப் பக்கம் வேணும்?"

என் வாயிலிருந்து வந்த சொல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

"கடைசியாகப் பேசும் பக்கம்."

அது 'கெடுக்கிறது' அணி. கடைசியாகப் பேசுகிறவனுக்கு மறுமொழி இல்லை. கைதட்டல் முழுவதும் அவனுக்கே. பட்டிமன்றக்காரன் எந்த அணியிலும் பேசுவான். அதுதான் எங்கள் பெருமை. இன்று மாமியாருக்காக வாதாடியவன் நாளை மருமகளுக்காக வாதாடுவான். மேடையில் சொன்னது அணிக்காகச் சொன்னது. இறங்கியதும் அது யாருடைய கருத்தும் இல்லை. இந்தப் பாடத்தை நான் உண்மையாகவே நம்பினேன். கத்தரிக்கோலின்மேல் கோபம் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தைவிட அந்த நம்பிக்கையே கேவலமானது என்று இப்போது தோன்றுகிறது.

விழாவன்று மேடையில் தெர்மாகோல் எழுத்துகளை ஒட்டிக்கொண்டிருந்தவர் சார்தான். பள்ளி விழா என்றால் ஓவிய ஆசிரியருக்குத்தானே அந்த வேலை! 'கெடுக்கிறதே' என்ற சொல்லுக்குக் கீழே என் பெயரை அவரே வெட்டி, அவரே ஒட்டியிருந்தார்.

"தமிழய்யா மாத்தி எழுதிக் குடுத்துட்டாருன்னு நெனச்சேன் தம்பி. போய்க் கேட்டேன். இல்ல, சரியாத்தான் இருக்குதுன்னாரு."

"மேடை வேறு, வாழ்க்கை வேறு சார். இது வெறும் வாதம்."

"அது எனக்குத் தெரியுது. மாணிக்கம் மொதலாளிக்குத் தெரியுமா?"

நான் சிரித்துவிட்டு மேடையேறினேன்.

என்ன பேசினேன் என்று முழுதும் சொல்ல மாட்டேன். சொன்னால் அழகாகச் சொல்லிவிடுவேன். இதை மட்டும் சொல்கிறேன். பேச்சின் உச்சத்தில், சட்டைப் பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து விரித்தேன். இரண்டு செருப்பும் ஒரு பலூனும்!

"அவையோரே! இது படக்கதையாம். படம் எங்கே? கதை எங்கே? கதாநாயகன் எங்கே? செருப்பு மட்டும் வந்திருக்கிறது, ஆள் அடுத்த பேருந்தில் வருகிறாரா?" என்றேன். திடல் குலுங்கியது. பிறகு வசனத்தைப் படித்தேன். ஒவ்வொரு சொல்லாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு படிப்பவனைப்போல. நீதி என்னும் நெடும்பேருந்து! முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். முதல் வரிசையில் ஸ்டெல்லா அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், அது யார் எழுதியது என்று.

"இந்தத் தமிழைப் படிக்கும் பிள்ளை எந்தத் தமிழைப் பேசும்? இதை எழுதிய கை நாளை வகுப்பில் எதை எழுதும்?" - இதுதான் என் கடைசி வாக்கியம். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நடுவர் ஒலிவாங்கியைக் கையிலெடுத்து, "எழுதுனவரு இங்கியே இருக்காரு. சார், நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றார். ஒலிவாங்கி கைமாறி முதல் வரிசைக்குப் போனது. சார் எழுந்தார். திடல் அடங்கியது. அவர் என்னைப் பார்த்தார்.

ஒரே வாக்கியம் போதும். 'எழுதியது மேடையில் நிற்கும் தம்பி.' அவ்வளவுதான்! பட்டிமன்றம் புரண்டுவிடும். முதலாளியின் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடும். அவர் பிழைத்துக்கொள்வார்.

நான் கைகூப்பினேன்.

கெஞ்சினேன். வேண்டாம் சார் என்று கண்ணால் கெஞ்சினேன். அவையோ அதைப் பண்பு என்று எண்ணிக்கொண்டது! எதிரணியை வென்றவன் பெரியவரை வணங்குகிறான் என்று மறுபடியும் கைதட்டியது. இத்தனை ஆண்டுகளில் நான் வாங்கிய கைதட்டல்களிலேயே இழிந்தது அதுதான்.

சார் ஒலிவாங்கியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். "எழுதுனத அப்படியே ஒட்டுனேன் பாருங்க... அது என் தப்புதாங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். கூட்டம் சிரித்தது.

தீர்ப்பு வந்தது. முதலாளி மேடையேறி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "இனிமே சாரு மாங்கா, பான, தேசியக் கொடி வரைவாரு. என்ன சார்?" என்று கேட்டார். சார் தலையாட்டினார்.

கூட்டம் கலைந்தபின் போனேன். அவர் தெர்மாகோல் எழுத்துகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்ற சொல்லை வாய்க்குள் வைத்திருந்தேன். அவர் திரும்பாமலே பேசினார்.

"நான் கெடுத்த பக்கம் எத்தினியோ இருக்குது தம்பி. குதிரைக்கு அஞ்சு காலு போட்டிருக்கேன் ஒரு தடவ. அதுல ஒண்ண எடுத்துக் கிழிச்சிருந்தா நானே கைதட்டியிருப்பேன். ஒங்க பக்கத்தயா எடுக்கணும்?"

பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். 

"கைதட்டு வேணும்னீங்க, கெடச்சிடுச்சி. போயிட்டு வாங்க."

கதிரின் கதை 'தொடரும்' என்ற சொல்லோடு நின்றது. பேருந்து ஸ்ரீமுஷ்ணம் எல்லையில் நிற்கிறது. பொம்மைப் பெட்டி திறந்து கிடக்கிறது. நால்வரும் இறங்கி வரிசையாக நிற்கிறார்கள். கதிர் விரலை நீட்டுகிறான். யாரை நோக்கி என்பது அடுத்த மாதத்துக்கு. அடுத்த மாதம் அந்த இடத்தில் வண்ணம் தீட்டுக என்று ஒரு மயில் படம் வந்தது.

எனக்கு மேடைகள் பெருகின. வீட்டுக்கு வீடு இலவசத் தொலைக்காட்சி வந்த காலம். பண்டிகை நாளில் பெட்டிக்குள் பட்டிமன்றம் பார்த்தவர்கள் எல்லாரும் ஊரிலும் ஒன்று நடத்த ஆசைப்பட்டார்கள். போனேன். பேசினேன். எவனும் எதையும் கேட்பதில்லை என்று அறிந்துகொண்டேன். குரல் ஏறும் இடத்தில் தட்டுவார்கள். இறங்கும் இடத்தில் வேர்க்கடலை தின்பார்கள். இந்தக் கூட்டத்துக்காகவா அவரை விற்றேன்?

ஒரு முறை மங்கலம்பேட்டையில் மேடையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். வசனம் என்னுடையது, குற்றம் என்னுடையது என்று உடைத்துச் சொன்னேன்.  என்ன செய்தார்கள் தெரியுமா? எழுந்து நின்று தட்டினார்கள்! "தன் பிழையைத் தானே சொல்லும் பெருந்தன்மை!" என்று தலைவர் உருகினார். மறுவாரம் இன்னொரு ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, "அந்த வாத்தியார் மேட்டரையும் சேத்துப் பேசிடுங்க சார்" என்றார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். படிக்கிறவருடைய கை தாளைப் பிடித்திருக்கும், தட்டாது. தட்டாமல் இருப்பது நீங்கள் நல்லவர் என்பதற்காக அன்று.

சென்ற மாதம் அந்தப் பள்ளிக்குப் போனேன். சார் அங்கேதான் இருக்கிறார். காதோரம் நரைத்திருக்கிறது. வராந்தாவில் நின்று, சுண்ணாம்புக் கட்டியை உடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"முதலாளியிடம் போய்ச் சொல்கிறேன் சார். எழுதியது நான் என்று சொல்கிறேன். நீங்கள் மறுபடியும் வரையலாம்."

"அவரு மகன் இஞ்சினியரிங் போயிட்டான். அவருக்கு அதெல்லாம் ஞாபகமே இருக்காது தம்பி."

"அப்படியென்றால் வரையுங்களேன்!"

"யாருக்கு? கதிரு எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே திரிஞ்சானுங்களே, அந்தப் புள்ளைங்கல்லாம் மீச மொளச்சி திருப்பூரு, துபாயின்னு போயிட்டானுங்க. கொஞ்ச நாளு கேட்டானுங்க. அப்புறம் வுட்டுட்டானுங்க."

 பிறகு என்னை அறியாமலே கேட்டேன்.

"சார்... அந்த நால்வரில் திருடன் யார்?"

அன்று முதன்முறையாக அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அத அந்தப் புள்ளைங்களுக்கே சொல்லல. ஒங்களுக்கு எதுக்கு?"

மணி அடித்தது. எட்டாம் வகுப்புக்குள் போய்விட்டார்.

பூக்கூடைக்காரி, குமாஸ்தா, துபாய்க்காரர், ஓட்டுநர். பேருந்தில் ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் அந்த நால்வரையும் நிறுத்திப் பார்க்கிறேன். எந்த ஒருவரைச் சொன்னாலும், அவரே திருடர் என்று அரை மணிநேரம் அடுக்கி நிறுவ என்னால் முடியும். அவையும் ஒப்புக்கொள்ளும்.

யார் என்று எனக்குத் தெரியாது.